மூன்று மருத்துவர்கள், மூன்று பெயர்கள்: எதை நம்புவது?

கேள்வி: எனக்கு 27 வயது. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். 19 வயதில், ஒரு பிரிவுக்குப் பிறகு, வீட்டிலிருந்த மாத்திரைகளை விழுங்கிவிட்டேன். அப்போது பார்த்த மருத்துவர் மனச்சோர்வு என்றார். 23 வயதில் ஓயாத சண்டை, கைமீறிய செலவு, தூக்கமின்மை என்று வேறொருவரிடம் அழைத்துப் போனார்கள். அவர் பைபோலார், அதாவது மனஎழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய் என்று சொல்லி, அதற்கு வால்ப்ரோயேட் என்ற மாத்திரை எழுதிக் கொடுத்தார், இன்றும் சாப்பிடுகிறேன். ஆறு மாதத்துக்கு முன், நெருங்கிய நண்பர் என் அழைப்பை எடுக்கவில்லை என்ற கோபத்தில் கையைக் கீறிக்கொண்டேன். இரவு அவசரப் பிரிவில் தையல் போட்டு மறுநாள் அனுப்பிவிட்டார்கள். டிஸ்சார்ஜ் தாளில் 'பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு' என்று இருந்தது. யாரும் என்னிடம் விளக்கவில்லை. இணையத்தில் தேடினால், இப்படிப்பட்டவர்கள் பிறரை ஆட்டிப்படைப்பவர்கள், விலகி ஓடுங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். அங்கேயே ஒரு சோதனையும் செய்து பார்த்தேன். எனக்கு இது உறுதி என்றது; என் அண்ணனுக்காக நான் நிரப்பியபோது அவருக்கு நார்சிசம் (மிகையான தற்பெருமை) என்றது. மூன்று பெயர்களில் எது உண்மை? என் குணமே நோயா? 'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்று அம்மா சொல்கிறார். வீட்டில் வரன் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டில் இதைச் சொல்ல வேண்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேட்ட கேள்விகளைவிட, கேள்வியாகக் கேட்காமல் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை அதிகம் உறுத்தியது: "யாரும் என்னிடம் விளக்கவில்லை." ஒருவருடைய ஆளுமையிலேயே கோளாறு என்று எழுதிவிட்டு, அதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் தாளை மடித்துக் கையில் கொடுத்து அனுப்புவது முறையான மருத்துவம் ஆகாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தன் நோயின் தன்மை என்ன, என்ன சிகிச்சை தரப்போகிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. தன் மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறும் உரிமையையும் தருகிறது. அந்த மருத்துவமனையின் மனநலப் புறநோயாளர் பிரிவுக்கு ஒரு பகல் வேளையில் போய், "இதை எந்த அடிப்படையில் எழுதினீர்கள்?" என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். சண்டைக்குப் போகவேண்டியதில்லை. பதில் உங்களுக்கு வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

அதற்காக அந்த இரவுப் பணி மருத்துவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் எனக்கு மனமில்லை. மூவரில் அவருடைய ஊகம்தான் சரியாகவும் இருக்கலாம். ஆனால் அது ஊகம். தையல் போட்ட கையோடு, அழுது வீங்கிய முகத்தோடு, ராத்திரி முழுக்கத் தூங்காமல் உட்கார்ந்திருக்கும் ஒருவரை அரை மணி நேரம் பார்த்துவிட்டு ஆளுமைக் கோளாறு என்று முடிவுகட்ட முடியாது. அந்த நேரத்தில் யாரும் தம் இயல்பில் இருப்பதில்லை. ஆளுமைக் கோளாறு என்று நாங்கள் சொல்வது ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் ஒரு போக்கை. வீடு, வேலை, நட்பு, காதல் என்று பல இடங்களில் அது திரும்பத் திரும்பத் தலைகாட்டவேண்டும். அதனால் அவரோ சுற்றியுள்ளவர்களோ கணிசமாகத் துன்பப்பட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய நோய்ப் பட்டியல் இரண்டு ஆண்டுகளாவது நீடித்திருக்க வேண்டும் என்கிறது. அவசரப் பிரிவில் எழுதப்பட்ட பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருந்திருக்க வேண்டும். பல சமயம் மருத்துவர் போட்ட கேள்விக்குறி, தாளைத் தட்டச்சு செய்யும்போது காணாமல் போய்விடுவதும் உண்டு.

இதற்கு ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. ஸ்கேன் எடுத்து ஆளுமையைச் சொல்கிறேன் என்று யாராவது விளம்பரம் செய்தால் பணத்தை அங்கே கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். தைராய்டு போன்றவற்றைச் சோதிப்போம். ஆனால் அது வேறு காரணங்களை விலக்குவதற்கு. மற்றபடி எங்கள் கையில் இருப்பது கேள்விகளும் காதுகளும்தான். என்னிடம் ஒருவர் இப்படி வந்தால் நான்கைந்து சந்திப்புகளுக்கு முன் இந்தப் பெயரை எழுதமாட்டேன். பள்ளிக்கூட நாள்களிலிருந்து தொடங்குவேன். அவர் சம்மதித்தால் அவரை நீண்டநாளாக அறிந்த ஒருவரிடமும் பேசுவேன். சண்டையே இல்லாத ஒரு சாதாரண வாரம் எப்படிப் போகிறது என்று கேட்பேன். விடை அதில்தான் பாதி இருக்கும்.

இனி மூன்று பெயர்களுக்கு வருகிறேன். பைபோலாரையும் பார்டர்லைனையும் பிரித்துப் பார்ப்பதில் அனுபவசாலிகளே தடுமாறுவார்கள். ஏனென்றால் இரண்டிலும் மனநிலை ஏறி இறங்கும், கோபம் வரும், பணம் கரையும், தற்கொலை எண்ணம் எட்டிப்பார்க்கும். வேறுபாடு கடிகாரத்திலும் காரணத்திலும் இருக்கிறது. பைபோலாரில் மனஎழுச்சி வந்தால் அது நாள்கணக்கில் நிற்கும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு, முழு எழுச்சிக்குக் குறைந்தது ஒரு வாரம், மிதமானதற்கு நான்கு நாள்கள் என்று வரையறுக்கிறது. அந்த நாள்களில் இரண்டு மூன்று மணி நேரம் தூங்கினாலும் களைப்பே தெரியாது. பேச்சு கட்டுக்கடங்காமல் ஓடும், புதுப்புதுத் திட்டங்கள் முளைக்கும், "இவளுக்கு என்ன ஆயிற்று?" என்று அலுவலகத்தில் இருப்பவர்களே கேட்பார்கள். அதைத் தொடங்கிவைக்க யாரும் எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. பார்டர்லைன் போக்கில் மனநிலை மணிக்கணக்கில் மாறும். காலையில் ஒன்று, மதியம் ஒன்று. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னாலும் பெரும்பாலும் ஒரு மனிதர் இருப்பார். இரவெல்லாம் தூங்கவில்லை என்றால், தூக்கம் தேவைப்படாததால் அல்ல, அழுகையால்; மறுநாள் உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருக்கும்.

உங்கள் கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். நண்பர் அழைப்பை எடுக்கவில்லை. நீங்கள் கையைக் கீறிக்கொண்டீர்கள். இந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் என்ன நடந்தது என்பதுதான் எனக்கு வேண்டும். நான் கேட்டால் இப்படிக் கேட்பேன்: எத்தனை மணிக்கு முதல் முறை அழைத்தீர்கள்? அன்று மதியம் சாப்பிட்டீர்களா? அவர் எடுக்காதபோது முதலில் மனத்தில் ஓடியது என்ன: அவருக்கு விபத்தோ என்ற பயமா, என்னை விட்டுவிட்டார் என்ற முடிவா? எத்தனை முறை திரும்பத் திரும்ப அழைத்தீர்கள்? செய்தியைப் பார்த்துவிட்டார் என்று இரண்டு நீலக் குறிகள் தெரிந்தபோது உடம்பில் எங்கே என்ன செய்தது? பிளேடை எடுத்தபோது சாகவேண்டும் என்று இருந்ததா, அந்தத் தவிப்பு நின்றால் போதும் என்று இருந்ததா? கீறிய பிறகு எப்படி இருந்தது? காலையில் அவர் அழைத்து, போன் சார்ஜில் இருந்தது என்று சொல்லியிருந்தால் எவ்வளவு நேரத்தில் எல்லாம் சரியாகியிருக்கும்? இப்படி மணிவாரியாக ஒரு சம்பவத்தை விரித்துப் பார்த்து, பிறகு 19 வயதில் நடந்ததையும் 23 வயதில் நடந்ததையும் அதே மாதிரி விரித்து, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வடிவம் தெரியலாம். தெரியாமலும் போகலாம். தெரியவில்லை என்றால் எழுதக்கூடாது.

23 வயதில் நடந்த செலவைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அது ஒரு வாரம் விடாமல், தூக்கமில்லாமல், உற்சாகம் பொங்கி நடந்த செலவா, அல்லது ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் கடைக்குப் போய் மனத்தை ஆற்றிக்கொண்ட செலவா என்பதைப் பொறுத்து அந்த இரண்டாவது மருத்துவர் சொன்னது நிற்கும் அல்லது விழும். இரண்டு நோய்களும் ஒருவரிடமே சேர்ந்து இருப்பதும் உண்டு. மனச்சோர்வோ இரண்டோடும் சேர்ந்து வரும். ஆகவே, மூன்று பெயர்கள் என்பதால் இரண்டு பேர் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. சின்ன வயதில் உடலாலோ மனத்தாலோ யாரேனும் உங்களைத் துன்புறுத்தியிருந்தால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீண்டகால வன்கொடுமையின் பின்விளைவாக வரும் மனக்காயம் வெளிப்பார்வைக்கு இதே மாதிரி தோன்றும். அதற்குச் சிகிச்சை முறை வேறு.

இந்தப் பெயர் எப்படி முடிவாகிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்கக் கையேட்டில் பார்டர்லைனுக்கு ஒன்பது அடையாளங்கள். கைவிடப்பட்டுவிடுவோம் என்ற பெரும் பயம், ஒருநாள் தெய்வமாகவும் மறுநாள் துரோகியாகவும் தோன்றும் உறவுகள், நான் யார் என்பதே நிலையில்லாமல் இருப்பது, யோசிக்காமல் இறங்கும் காரியங்கள், தன்னைக் காயப்படுத்திக்கொள்வது அல்லது தற்கொலை முயற்சி, சட்டென்று மாறும் மனநிலை, உள்ளே எப்போதும் ஒரு வெறுமை, அடக்கமுடியாத கோபம், நெருக்கடியில் சந்தேகமோ தன்னை மறந்த நிலையோ வருவது. இவற்றில் ஐந்து இருந்தால் போதும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஐந்தோ அதற்கு மேலோ சேரும் வழிகள் 256. ஒரே பெயரைச் சுமக்கும் இரண்டு பேருக்கு இடையில் ஒரே ஒரு அடையாளம் மட்டும் பொதுவாக இருக்க முடியும். பக்கத்துப் படுக்கையில் இருப்பவருக்கும் அதே பெயர் என்பதால் அவருடைய கதை உங்கள் கதை ஆகிவிடாது. இணையத்தில் யாரோ தன் முன்னாள் காதலியைப் பற்றி எழுதியது உங்களைப் பற்றியதும் அல்ல.

அந்தக் கையேடு வேதமும் அல்ல. 1980இல் வந்த மூன்றாவது பதிப்பில்தான் பார்டர்லைன் அதிகாரபூர்வமான நோய்ப் பெயராக ஏறியது. ஆளுமைக் கோளாறுகளுக்கென்று தனி வரிசை ஒதுக்கியதும் அப்போதுதான். 2013இல் ஐந்தாவது பதிப்பு வரும்போது, பத்துக் கோளாறுகளைப் பெட்டி பெட்டியாகப் பிரிக்கும் பழைய முறை சரியில்லை என்று, அதற்காக அமைக்கப்பட்ட நிபுணர் குழுவே புது முறை ஒன்றைக் கொடுத்தது. சங்கத்தின் நிர்வாகக் குழு துணியவில்லை. பழையதையே முன்னால் வைத்துக்கொண்டு, புதியதை மேலும் ஆராயவேண்டியது என்று பின்பகுதியில் தள்ளிவிட்டார்கள். ஒரே புத்தகத்தில் ஒரே நோய்க்கு இரண்டு இலக்கணம்! வேறு எந்த மருத்துவத் துறையிலாவது இப்படி நடக்குமா என்று என் மாணவர்கள் கேட்பார்கள். சிரித்து மழுப்புவதைத் தவிர வழியில்லை.

உலக சுகாதார நிறுவனம் துணிந்தது. 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த அதன் பதினோராவது பட்டியலில் பழைய பெயர்கள் எல்லாம் போய்விட்டன. முதல் கேள்வி, கோளாறு இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு கடுமை: இலேசா, நடுத்தரமா, கடுமையா? ரத்த அழுத்தத்தைப் போல, இது எல்லோரிடமும் ஏதோ ஓர் அளவில் இருப்பது, எங்கே கோடு போடுவது என்பதுதான் கேள்வி என்ற எண்ணம் அதற்கு அடிப்படை. கோட்டுக்குக் கீழே, நோய் என்று சொல்லமுடியாத 'ஆளுமைச் சிக்கல்' என்று ஒரு படியும் வைத்திருக்கிறார்கள். அதன் பிறகுதான் குணப்போக்குகள் வருகின்றன. கவலையும் கோபமும் எளிதில் மேலோங்குவது, மனிதர்களிடமிருந்து ஒதுங்குவது, பிறர் உரிமையைப் பொருட்படுத்தாதது, யோசிக்காமல் இறங்குவது, எல்லாம் கச்சிதமாக இருந்தே தீரவேண்டும் என்ற பிடிவாதம் என்று ஐந்து. பீட்டர் டைரர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் தலைமையிலான குழு எல்லாப் பெயர்களையும் துடைத்துவிடத்தான் நினைத்தது. பார்டர்லைன் சிகிச்சையிலும் ஆய்விலும் ஆண்டுக்கணக்காக ஈடுபட்டவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். கடைசியில் 'பார்டர்லைன் போக்கு' என்ற ஒரு குறிப்பை மட்டும் விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். நம் ஊரில் பல மருத்துவமனைகளில் இன்னும் பத்தாம் பட்டியலின் குறியீடுகளே புழங்குகின்றன. உங்கள் தாளில் இருப்பது எந்தப் பட்டியலின் பெயர் என்று கேளுங்கள். அதைவிட முக்கியமாக, "எவ்வளவு கடுமை என்று நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள், சம்பாதிக்கிறீர்கள், உங்கள் நிலையைத் தெளிவாக எழுதவும் முடிகிறது. இவை எல்லாம் அந்தக் கணக்கில் சேரும்.

இணையத்தில் படித்தது உங்களை ஏன் அவ்வளவு புண்படுத்தியது என்று எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வெறுப்பை இணையம் கண்டுபிடிக்கவில்லை. அதில் எங்கள் துறைக்கும் பங்கு உண்டு. 1988இல் லூயிஸ், ஆப்பிள்பி என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் மனநல மருத்துவர்களுக்கு ஒரு நோயாளியின் கதையை அனுப்பிக் கருத்துக் கேட்டார்கள். சிலருக்குப் போன தாளில் மட்டும், முன்பு ஆளுமைக் கோளாறு என்று கண்டறியப்பட்டவர் என்ற குறிப்பு இருந்தது. அந்தக் குறிப்பைப் படித்தவர்கள், அதே நோயாளியைத் தொல்லை தருபவர், கவனத்தை ஈர்க்கப் பார்ப்பவர், நம் நேரத்துக்கு அருகதை குறைந்தவர் என்று மதிப்பிட்டார்கள். இன்றும் வார்டுகளில் "அது பார்டர்லைன் கேஸ்" என்று சொல்லும் தொனியை நான் கேட்கிறேன். போன் எடுக்கவில்லை என்று தவித்துத் திரும்பத் திரும்ப அழைப்பவர் அந்த நேரத்தில் யாரையும் திட்டம்போட்டு ஆட்டிப்படைக்கவில்லை. அவர் நீரில் மூழ்குகிறவரின் பதற்றத்தில் இருக்கிறார். அதனால் மற்றவர் படும் பாடு உண்மைதான்; அதை நீங்களும் மறுக்கக்கூடாது. ஆனால் கெட்ட எண்ணத்தையும் தவிப்பையும் குழப்பிக்கொள்வது மருத்துவனுக்கு அழகல்ல.

உங்கள் அம்மாவின் பழமொழிக்கு வருவோம். பழமொழியை மறுப்பதற்கு ஆய்வைத் தூக்கிக்கொண்டு போவது எடுபடாது என்று தெரியும், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் மக்லீன் மருத்துவமனையில் மேரி ஸனாரினி என்பவரும் அவருடைய குழுவும், பார்டர்லைன் என்று கண்டறியப்பட்டு உள்நோயாளிகளாக இருந்த 290 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். பத்து ஆண்டுகளில் 93 சதவீதம் பேருக்கு நோயின் அடையாளங்கள் அந்தப் பெயரைச் சூட்ட முடியாத அளவுக்குக் குறைந்து, குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது அப்படியே நீடித்தன. மருத்துவமனையில் படுக்கும் அளவுக்குக் கடுமையாக இருந்தவர்கள் இவர்கள். முதலில் போவது கையைக் கீறிக்கொள்வது போன்ற ஆவேசச் செயல்கள்தான். வெறுமையும், விட்டுவிடுவார்களோ என்ற பயமும் மெதுவாகத்தான் தளர்கின்றன. உண்மையின் மறுபாதியையும் மறைக்கக்கூடாது. அறிகுறிகள் போனதோடு வேலையிலும் உறவிலும் நன்றாக நிலைபெற்றவர்கள் பாதிப்பேர்தான். ஆகவே கை காயம் ஆறிய பின்பும் வேலை மிச்சம் இருக்கும்.

இந்த நோய்க்கான மிகப் பேர்பெற்ற உளச்சிகிச்சையை உருவாக்கிய மார்ஷா லினஹன் என்ற உளவியலாளர், 1961இல் 17 வயதில் ஹார்ட்ஃபோர்டு நகரத்து மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டவர். உடம்பெங்கும் தன்னைக் காயப்படுத்திக்கொண்டவர். அன்று அவருக்குச் சூட்டப்பட்ட பெயர் மனச்சிதைவு. 2011இல் அதே மருத்துவமனைக்குப் போய், கூடியிருந்தவர்கள் முன் இதை முதன்முறையாகப் பகிரங்கமாகச் சொன்னார். தவறான பெயரோடு வாழ்க்கையைத் தொடங்கியவர்களில் நீங்கள் முதல் ஆள் இல்லை.

குணமே நோயா என்றால், இல்லை. லினஹனின் விளக்கம் எனக்கு ஏற்புடையது. சிலர் பிறவியிலேயே உணர்ச்சி வேகம் அதிகம் உள்ளவர்கள். சட்டென்று பற்றிக்கொள்ளும், தணிய நேரமாகும். அப்படிப்பட்ட குழந்தையிடம், "இதற்கெல்லாமா அழுவார்கள்?" என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தால், தன் உணர்ச்சியை நம்பவும் தெரியாமல் தணிக்கவும் தெரியாமல் அது வளர்கிறது. இதில் உங்கள் அம்மாவைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நம் வீடுகளில் எல்லோரும் சொல்வதைத்தான் அவரும் சொல்லியிருப்பார். அந்த உணர்ச்சி வேகத்தோடு கூடவே வரும் பாசமும் விசுவாசமும் உங்களுடையவைதான். அவற்றை யாரும் வெட்டி எடுக்கப்போவதில்லை.

அண்ணனை விட்டுவிடுங்கள். அறையில் இல்லாதவருக்கு நோய்ப் பெயர் சூட்டக்கூடாது என்று மருத்துவர்களாகிய நாங்களே எங்களுக்குத் தடை போட்டுக்கொண்டிருக்கிறோம். 1964 அமெரிக்க அதிபர் தேர்தலில் போட்டியிட்ட கோல்ட்வாட்டரின் மனநிலையைப் பற்றி, அவரைப் பார்க்காமலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனநல மருத்துவர்கள் ஒரு பத்திரிகைக்குத் தீர்ப்புச் சொல்லி மானத்தை வாங்கிய பிறகு, 1973இல் வந்த விதி அது. உங்கள் அண்ணன் தற்பெருமைக்காரராக இருக்கலாம். தற்பெருமைக்கு நோய்ப் பெயர் தேவையில்லை. இணையச் சோதனையில் அவர் பதில்களை நீங்கள் நிரப்பினீர்கள். அவர் உங்களுக்காக நிரப்பினால் என்ன வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. வீட்டுக்கு அடங்காத பெண், சாதி மாறிக் காதலித்த பெண், பார்த்த வரனை மறுத்த பெண் ஆகியோரை "இவளுக்கு ஏதோ கோளாறு" என்று அழைத்துவரும் குடும்பங்களை இந்தத் துறையில் உள்ள எல்லோரும் பார்த்திருக்கிறோம். அமெரிக்கக் கையேடே, அவரவர் பண்பாடு எதிர்பார்ப்பதிலிருந்து பெரிதும் விலகிய நடத்தை என்றுதான் ஆளுமைக் கோளாற்றை வரையறுக்கிறது. எதிர்பார்ப்பது யார், அப்பாவா, பெண்ணா என்று அது சொல்வதில்லை. நல்லவேளையாக நம் 2017 சட்டம் இந்த இடத்தில் தெளிவாக இருக்கிறது: ஒருவர் தம் சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு மதிப்புகளோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காக அவருக்கு மனநோய் என்று தீர்மானிக்கக்கூடாது. உங்கள் சண்டைகள் எதைப் பற்றியவை என்று நீங்கள் எழுதவில்லை. மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். நியாயமான கோபத்தையும் நோயின் கோபத்தையும் அவர் ஒரே கணக்கில் எழுதிவிடக்கூடாது.

திருப்பூரில் இதற்கு என்ன வழி? லினஹனின் சிகிச்சையை முறைப்படி தருபவர்கள் பெருநகரங்களிலேயே குறைவு. ஆனால் மனம் தளரவேண்டாம். கனடாவின் டொரன்டோவில் 180 பேரைக் கொண்டு நடத்தி 2009இல் வெளியான ஆய்வில், அந்தச் சிகிச்சையையும், இந்த நோயை அறிந்த மனநல மருத்துவர் வாரம் தவறாமல் சந்தித்து ஒழுங்காகத் தரும் பொதுவான சிகிச்சையையும் ஓராண்டுக்கு ஒப்பிட்டார்கள். இரண்டும் ஏறக்குறைய சமமாகவே பலன் தந்தன. ஆகவே பெரிய பெயர் கொண்ட சிகிச்சையைத் தேடி அலைவதைவிட, ஒரே மருத்துவரையோ உளவியலாளரையோ தொடர்ந்து பார்ப்பது மேல். ஒரு சந்திப்பில் அவர் மேல் கோபம் வரும், வந்தே தீரும். உடனே அடுத்தவரிடம் ஓடாமல், அந்தக் கோபத்தை அடுத்த சந்திப்பில் அவரிடமே சொல்லுங்கள்.

மாத்திரைகளைப் பற்றி அவசரமாக ஒன்று. பார்டர்லைனுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. கூடவே இருக்கும் மனச்சோர்வுக்கோ பைபோலாருக்கோதான் மருந்து. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் நீங்களாகவே அல்பிரசோலம் வாங்கிப் போடாதீர்கள். இருக்கும் கட்டுப்பாட்டையும் அது தளர்த்திவிடக்கூடும். நீங்கள் சாப்பிடும் வால்ப்ரோயேட் அதைவிட முக்கியமான விஷயம். கர்ப்ப காலத்தில் அதைச் சாப்பிட்டால் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவி ஊனம் வரும். பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சியில் பாதிப்பு வரும். முதுகுத்தண்டு உருவாகும் முதல் சில வாரங்களில், கர்ப்பம் என்றே பலருக்குத் தெரியாது. பைபோலார் என்பதே சந்தேகத்துக்குரியதாக இருக்கும்போது, 27 வயதில், கல்யாணப் பேச்சு நடக்கும் நேரத்தில் அந்த மாத்திரை தேவையா என்று இந்த மாதமே மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடவேண்டாம், அவர்தான் படிப்படியாகக் குறைக்கவோ வேறொன்றுக்கு மாற்றவோ வேண்டும்.

கல்யாணம். முதலில் நீங்கள் கேட்காத ஒன்றுக்குப் பதில்: "ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். உங்கள் தவிப்பெல்லாம் நெருங்கிய உறவில்தான் கிளம்புகிறது. அறிமுகமில்லாத வீட்டில் அது குறையாது. கையைக் கீறிக்கொண்டு ஆறு மாதம்தான் ஆகிறது. ஓராண்டாவது சிகிச்சையில் நிலைபெற்ற பிறகு வரன் பார்க்கச் சொல்லி வீட்டில் கேளுங்கள். இரண்டாவது, சட்டம். நான் வழக்கறிஞன் இல்லை. ஆனால் இந்த ஒன்று எங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டியது. இந்து திருமணச் சட்டத்தில் மனக்கோளாறு விவாகரத்துக்கு ஒரு காரணம்தான். ஆனால் கூட வாழ்வதை எதிர்பார்க்க முடியாத அளவுக்கு அது இருக்கவேண்டும். 1988இல் ராம் நாராயண் குப்தா வழக்கில், மனச்சிதைவு என்ற பெயரே இருந்தாலும் அந்தப் பெயர் மட்டும் போதாது, எந்த அளவுக்கு என்று நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு டிஸ்சார்ஜ் தாளை வைத்துக்கொண்டு யாரும் உங்களை மிரட்ட முடியாது.

ஆனாலும் மறைத்துக் கட்டிக்கொள்ளாதீர்கள். மாத்திரையை அலமாரியில் ஒளித்துவைத்து வாழ்வது, விட்டுவிடுவார்களோ என்று ஏற்கெனவே பயப்படும் ஒருவருக்கு நரகம். தரகரிடமும் ஜாதகம் கொண்டுவரும் மாமாவிடமும் சொல்லவேண்டிய அவசியமில்லை. பேச்சு முற்றி, நிச்சயத்துக்கு முன், அந்தப் பையனிடம் நேரில் நீங்களே சொல்லுங்கள். நோய்ப் பெயரைச் சொன்னால் அவர் அன்றிரவே அதை இணையத்தில் தேடுவார். நீங்கள் படித்த அதே குப்பையைத்தான் படிப்பார். அதனால் நடந்ததைச் சொல்லுங்கள்: எனக்குச் சட்டென்று பதற்றம் வரும், இரண்டு முறை என்னைக் காயப்படுத்திக்கொண்டிருக்கிறேன், இன்ன மருத்துவரிடம் போகிறேன், இப்போது இப்படி இருக்கிறேன். அவர் விரும்பினால் ஒருமுறை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். உங்கள் அனுமதியோடு, உங்கள் முன்னிலையில், எதைச் சொல்லலாம் என்று முன்பே பேசிவைத்துக்கொண்டு.

அடுத்த சந்திப்புக்குப் போகும்போது பழைய சீட்டுகள், 19 வயதிலிருந்து சாப்பிட்ட மருந்துகளின் பட்டியல், அந்த டிஸ்சார்ஜ் தாள் மூன்றையும் ஒரு கோப்பில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அம்மா வருவாரென்றால் அவரையும் கூட்டிப்போங்கள். நீங்கள் மறந்துபோன 23 வயதுத் தூக்கக் கணக்கு அவருக்கு நினைவிருக்கும். அதற்கு முன்பே, ஏதோ ஓர் இரவில், மறுபடி கை பிளேடைத் தேடினால், 14416 என்ற எண்ணை அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. தனியாக இருந்தால் அம்மாவை எழுப்புங்கள். திட்டினாலும் பரவாயில்லை, எழுப்புங்கள்.